கட்டியை எடுத்த பிறகு: புண் ஆறும் நாட்களில் வரும் தொல்லைகள்

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புக் கட்டியையோ பைக்கட்டியையோ எடுப்பது பெரும்பாலும் அரை மணி நேர வேலை. மரத்துப்போக ஊசி, சில சென்டிமீட்டர் கீறல், நாலைந்து தையல், மேலே ஒரு கட்டு, அன்றைக்கே வீடு. மருத்துவரின் பங்கு அத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. புண் ஆறுவது உங்கள் வீட்டில் நடக்கிறது. அதைத் தினமும் பார்க்கப் போவது நீங்களும் உங்கள் வீட்டாரும்தான். ஆகவே எதைப் பார்த்தால் கவலைப்பட வேண்டும், எதைப் பார்த்தால் பொறுத்திருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் பெரிய உதவி நாள்கணக்கு. இந்தத் தொல்லைகள் கண்டபடி வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. ரத்தம் கசிவது முதல் இரண்டு நாட்களில். சீழ் பிடிப்பது பெரும்பாலும் நான்காம் நாள் முதல் எட்டாம் நாள் வரை. நீர் கோப்பது முதல் இரண்டு வாரங்களில். உள்தையல் நூல் வெளியே தலைகாட்டுவது ஒரு மாதம் கழித்து. தழும்பு தடிப்பது அதற்கும் பிறகு. இதோடு ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள்: இன்றைய புண் நேற்றைய புண்ணைவிடக் கொஞ்சமாவது மேலாக இருக்க வேண்டும். வலியோ வீக்கமோ குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் திரும்பி ஏறத் தொடங்கினால் அந்தத் திருப்பத்தைத்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதற்காகத் தினமும் ஒரே வேளையில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாபகத்தை நம்புவதைவிட இது நல்லது. முதுகிலோ தலையிலோ புண் இருப்பவருக்கு வேறு வழியும் இல்லை.

முதல் இரவு

மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் ஊசியில் அட்ரினலினும் கலந்திருப்பது வழக்கம். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும். சில மணி நேரத்தில் அதன் வேகம் தணிந்ததும் குழாய்கள் மீண்டும் விரியும். அறுவை மேசையில் காய்ந்திருந்த புண் வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு முடிந்த நேரத்தில் கசியத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். வலியும் அப்போதுதான் தெரியவரும்.

கட்டில் நாணய அளவுக்குக் கறை படிவது சாதாரணம். கட்டு நனைந்து ரத்தம் வழிந்தால் அதைப் பிரிக்க வேண்டாம். அதன் மேலேயே சுத்தமான துணியை நாலாக மடித்து வைத்து, உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். “நின்றுவிட்டதா?” என்று இடையில் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அப்போதுதான் உறைந்த ரத்தம் பிய்ந்துபோகிறது. கை, கால் என்றால் இதயத்தைவிட உயரமாகத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். இப்படி இரண்டு முறை அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அவற்றில் இருக்கும் கிருமிகள் தையல் ஓட்டைகள் வழியாக உள்ளே போகும். அடுத்த நாள் மருத்துவர் அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் புண்ணையே பார்க்க முடியும்.

வெளியே வழியாமல் உள்ளேயே ரத்தம் கட்டுவதும் உண்டு. தையலுக்கு அடியில் சில மணி நேரத்துக்குள் விறைப்பான வீக்கம் எழும்பி, மேல்தோல் பளபளத்து நீலம் பாரித்து, மாத்திரைக்கு அடங்காத வலியும் சேர்ந்தால் அது ரத்தக்கட்டு. ஒன்றிரண்டு தையலைப் பிரித்து வெளியேற்ற வேண்டியிருக்கலாம். கழுத்துப் பகுதியில் இப்படி வீங்கினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூச்சு முட்டுவதாகவோ விழுங்க முடியாததாகவோ தோன்றினால் 108-ஐ அழையுங்கள். நெற்றியில் கட்டி எடுத்தவருக்கு மறுநாள் காலையில் இரண்டு இமைகளும் கறுத்து வீங்குவது வேறு விஷயம். ரத்தம் கீழ்நோக்கி இறங்கி இமையின் தளர்ந்த தோலில் தங்குகிறது. பார்க்கப் பயமாக இருக்கும். பார்வை தெளிவாக இருந்து, வலியும் இல்லையென்றால் ஒரு வாரம் பத்து நாளில் தானே வடியும்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கசிவைக் கண்டு தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருப்பவருக்கு அது உயிராபத்தாக முடியலாம். தோல் புண்ணின் கசிவை அழுத்தி நிறுத்த முடியும். மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அதை எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்காம் நாளில் திரும்பும் வலி

சீழ் பிடிப்பதைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

வீக்கம், சூடு, வலி, சிவப்பு என்ற நான்கு அடையாளங்களை ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். மருத்துவப் பாடம் இன்றும் அதில்தான் தொடங்குகிறது. ஆனால் சிவப்பு என்பது வெளுத்த தோலுக்குச் சொன்னது. நம் கறுப்புத் தோலிலும் மாநிறத் தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மங்கலாகத்தான் தெரியும். “சிவக்கவில்லையே” என்று நான்கு நாள் வீட்டில் இருந்துவிட்டுச் சீழ் நிறைந்த புண்ணோடு வருகிறவர்கள் உண்டு. ஆகவே மற்ற மூன்றையும் நம்புங்கள். புறங்கையைப் புண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள், பிறகு உடம்பின் மறுபக்கத்தில் அதே இடத்தில் வையுங்கள். சூட்டில் வித்தியாசம் இருக்கிறதா? தோல் இறுகி மினுமினுக்கிறதா? முந்தாநாள் குறைந்திருந்த வலி இன்று விண்விண்ணென்று தெறிக்கிறதா? வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் வீக்கம் கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கட்டில் படிவதன் நிறத்தையும் கவனியுங்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் இளஞ்சிவப்பாகவோ வைக்கோல் நிறத்திலோ கொஞ்சம் நீர் கசியலாம். அதில் நாற்றம் இருக்காது. அதுவே கெட்டியாக, மஞ்சளாக, கலங்கலாக, நாற்றத்தோடு வந்தால் சீழ். தையலைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் அளவில் மட்டும் நிறம் மாறித் தடித்திருப்பது நூலுக்குத் தோல் காட்டும் எதிர்ப்பு. பெரும்பாலும் தையல் பிரித்ததும் அடங்கிவிடும்.

சீழ் பிடித்துவிட்டால் மருந்துக் கடையில் “புண்ணுக்கு மாத்திரை” கேட்டு வாங்கிச் சாப்பிடுவது இங்கே வெகு சாதாரணமாக நடக்கிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம். தேங்கிய சீழுக்குள் மாத்திரை சரியாகப் போய்ச் சேராது. முதலில் அதை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றும்போது கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்பது தெரியும். வாயில் போட்டுக்கொண்ட இரண்டு நாள் மாத்திரை அந்தப் பரிசோதனையையும் குழப்பிவிடுகிறது. அறுவைக்குப் பின் தொற்று வராமல் தடுப்பதற்காக என்று ஆன்டிபயாடிக்கை நீட்டிக்க வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மருத்துவர் மாத்திரை எழுதித் தரவில்லையென்றால் அவர் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எழுதித் தந்திருந்தால் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டி நின்றால் வெள்ளணுக்கள் கிருமியை எதிர்க்கும் வலு குறைகிறது, புண்ணும் மெதுவாகத்தான் மூடும். இந்த இரண்டு வாரமாவது வீட்டிலேயே அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் அதுவே உள்ளே தொற்று இருப்பதற்கு முதல் அறிகுறியாக இருக்கலாம். புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, மணிக்கணக்கில் பரவும் வீக்கம், தோலில் கருமையோ கொப்புளமோ, கூடவே காய்ச்சலும் தலைசுற்றலும் வந்தால் அது தசைக்கு மேலுள்ள சவ்வை அழிக்கும் கடும் தொற்றாக இருக்கலாம். அபூர்வமானதுதான். ஆனால் அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இன்னொரு வகைத் தொற்று நாள்கணக்குக்கு அடங்காமல் வரும். புண் நன்றாக ஆறி, தையல் பிரித்து, மூன்று நான்கு வாரம் கழித்துத் தழும்பில் சிறு முடிச்சு எழும்பி, ஒரு துளை வழியாக மெல்லிய நீர் வடியும். வழக்கமான மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கி மறுபடி வரும். தண்ணீரில் வாழும், காசநோய்க் கிருமியின் உறவினமான ஒரு வகை நுண்ணுயிர் இதற்குக் காரணமாக இருக்கலாம். கருவிகளைச் சரியாகக் கிருமி நீக்காமல் சாதாரணத் தண்ணீரில் அலசும்போது அது ஒட்டிக்கொள்ளும். காசநோயே காரணமாக இருப்பதும் உண்டு, கழுத்து நெறிக்கட்டியை எடுத்த இடத்தில் குறிப்பாக. வடிவது நிற்கவில்லையென்றால் மாத்திரையை மாற்றி மாற்றிச் சாப்பிடாமல், இந்தக் கிருமிகளுக்கான பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், ஆனால் குணமாகும்.

கட்டு, குளியல், பத்தியம்

முதல் கட்டை மருத்துவர் சொன்ன நேரம்வரை, பொதுவாக ஒன்று இரண்டு நாள், நனைக்காமல் வைத்திருங்கள். அதன்பின் பெரும்பாலான தையல் புண்களில் ஓடுகிற தண்ணீர் படலாம். குளம், கிணறு, ஆறு, நீச்சல் குளம் தையல் பிரித்து ஒட்டும்வரை வேண்டாம். எண்ணெய்க் குளியலும் அப்படித்தான். குளித்தபின் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது.

புண்ணைக் காற்றாட விட்டுக் காயவைத்தால்தான் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றித் தோலில் செய்த ஆய்வு, மூடி ஈரப்பதம் காத்த புண்ணில் மேல்தோல் வேகமாக வளர்வதைக் காட்டியது. இன்றைய கட்டுகள் பலவும் அந்த அடிப்படையில் உருவானவை. அதனால் தையல் கோட்டின் மேல் மெல்லியதாக வாசலின் தடவி மூடினாலே போதும். ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு இவற்றைத் தினமும் ஊற்றுவது கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் திசுவையும் கொல்கிறது. கழுவ சலைன் போதும், அது இல்லையென்றால் காய்ச்சி ஆறிய தண்ணீர். நியோமைசின் கலந்த பொடியையும் களிம்பையும் கேட்டு வாங்கிப் போடுகிறோம். அது பலருக்கு ஒவ்வாமை தரும். அரிப்பும் சிறு கொப்புளங்களும் வந்தால் சீழ் பிடித்ததாக நினைத்து அதையே இன்னும் அதிகமாகப் போடுவார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அரிக்கும் தடிப்பு பிளாஸ்திரி ஒட்டிய சதுர வடிவத்திலேயே இருந்தால் காரணம் பிளாஸ்திரியின் பசைதான். காகித பிளாஸ்திரிக்கு மாறினால் சரியாகும்.

பத்தியம் பற்றிக் கேட்காத வீடே இல்லை. முட்டை, மீன், கத்திரிக்காய் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று பாட்டி சொன்னதை வீட்டில் மறுத்துப் பேசுவது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. புண்ணை மூடும் திசு புரதத்தால் ஆனது. இரண்டு வாரம் ரசஞ்சாதமும் சுட்ட அப்பளமுமாக ஒரு வயதானவரை வைத்திருந்தால் புண் ஆறுவது தள்ளித்தான் போகும். உங்களுக்கு ஏற்கெனவே ஒவ்வாத உணவு தவிர எதையும் விலக்க வேண்டியதில்லை. பருப்பு, முட்டை, மீன், தயிர், சுறாப்புட்டு எல்லாம் ஆகும். வைட்டமின் சி வேண்டுமென்றால் நெல்லிக்காயும் கொய்யாவும் இருக்கின்றன. விலக்க வேண்டியது பீடி, சிகரெட், புகையிலை. நிகோடின் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது.

நீர் கோத்தல்

பெரிய கொழுப்புக் கட்டியை எடுத்த இடத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். உடம்பு அதை நிணநீரால் நிரப்பப் பார்க்கும். ஐந்தாறு நாள் கழித்து, “கட்டி மறுபடி வந்துவிட்டது” என்று பதறிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இதுதான். எடுத்த கட்டி ஒரு வாரத்தில் திரும்ப வளராது. இரண்டு விரலை வீக்கத்தின் இரு ஓரத்தில் வைத்து ஒன்றால் மெல்லத் தட்டினால் மற்ற விரலில் அலை தெரியும், தண்ணீர் நிரப்பிய பலூனைத் தட்டுவது போல. சூடு இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது. சிறியது சில வாரங்களில் தானே வற்றும். பெரியதை மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். சிரிஞ்சில் வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் வரும். எடுத்தபின் மறுபடி கோப்பதும், இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டி வருவதும் சகஜம். இறுக்கமான கட்டு போட்டால் குறையும். வீட்டில் ஊசியால் குத்திப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். கிருமியில்லாத நீருக்குள் கிருமியை விடுவதாக அது முடியும்.

ஏற்கெனவே சீழ் பிடித்த பைக்கட்டியைக் கீறியவர்களுக்கு இதில் சேராத ஒரு குழப்பம் வரும். “ஏன் தைக்காமல் திறந்தே விட்டுவிட்டார்கள்?” என்பார்கள். சீழ் இருந்த குழியைத் தைத்து மூடினால் கிருமி உள்ளேயே அடைபட்டுவிடும். அதனால் காஸ் துணி திணித்து அடியிலிருந்து மேலாக ஆறவிடுவார்கள். வாரக்கணக்கில் ஆகும். அடியில் சிவந்த, மணிமணியான சதை வளர்வது நல்ல அடையாளம், பயப்பட வேண்டாம்.

தையல் பிரித்த பிறகு

முகத்தில் 5 முதல் 7 நாளில், தலையில் 7 முதல் 10 நாளில், முதுகிலும் கை கால்களிலும் 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். பிரித்ததும் புண் ஆறிவிட்டதாக எண்ணுவதுதான் ஆபத்து. தையல் பிரிக்கும் நாளில் அந்த இடத்துக்குத் தோலின் பழைய வலுவில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். மூன்று வாரத்தில் கால் பங்கு அளவுக்கு வரும். மூன்று மாதத்தில் 80 சதவீதம். அதற்குமேல் ஏறுவதே இல்லை.

தோளில் கட்டி எடுத்த ஒரு டீக்கடை மாஸ்டர் தையல் பிரித்த மறுநாள் காலையில் பால் கேனைத் தூக்கினார். சட்டையில் ஈரம் பட்ட பிறகுதான் புண் வாய் பிளந்தது அவருக்குத் தெரிந்தது. வலிக்கவே இல்லை என்றார். வலி இல்லாததுதான் இதில் ஏமாற்றுவது. தோள், முதுகு, மூட்டு ஆகிய இடங்களில் தோல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், துணி அடித்துத் துவைப்பது, பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவது, இருசக்கர வண்டியை உதைத்துக் கிளப்புவது இவை எல்லாம் அங்கே தையலை இழுக்கும் வேலைகள். இவற்றை மூன்று நான்கு வாரமாவது தள்ளிப்போடுங்கள். வேலைக்கு விடுப்புக் கேட்கும்போது ‘சின்ன ஆபரேஷன்’ என்று சொல்லாமல் மருத்துவரிடம் எத்தனை நாள் கனம் தூக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக் கொடுங்கள். புண் திறந்துவிட்டால் சுத்தமான ஈரக் காஸை வைத்து மூடி அன்றே காட்டுங்கள். பல நேரம் மறுபடி தைக்காமல், கட்டு மாற்றியே ஆறவிடுவார்கள்.

ஒன்றிரண்டு மாதத்தில் ஆறிய கோட்டில் கடுகளவு கொப்புளம் தோன்றி உடைந்து, அதில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஒரு நூல்முனை தெரியலாம். உள்ளே போட்ட கரையும் தையல் அது. பாலிகிளாக்டின் நூல் முழுதும் கரைய 56 முதல் 70 நாள் ஆகும். கரைவதற்கு முன் உடம்பு சில முடிச்சுகளை வெளியே தள்ளிவிடுகிறது. இடுக்கியால் பிடித்து எடுத்தால் இரண்டு நாளில் மூடிக்கொள்ளும். அதை மருத்துவமனையிலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

மரப்பும் நரம்பும்

கீறலைச் சுற்றிக் கொஞ்சம் தோல் மரத்திருப்பது, ஊசி குத்துவது போல் அவ்வப்போது சுரீரென்பது, குளிரும்போது அரிப்பது இவை நுண்ணிய தோல் நரம்புகள் அறுபட்டதால் வருபவை. மாதங்களில் பெரும்பகுதி திரும்பும். காசளவு இடம் மரத்தே நின்றுவிடுவதும் உண்டு. இதற்கு மாத்திரை தேவையில்லை. அசைவு குறைவது வேறு. கழுத்தின் பக்கவாட்டில் கட்டியோ நெறிக்கட்டியோ எடுத்தபின் கையைத் தலைக்குமேல் தூக்க முடியாமல் தோள் சரிந்திருந்தால், அங்கே ஓடும் துணை நரம்பு அடிபட்டிருக்கலாம். நெற்றியோரத்தில் எடுத்தபின் அந்தப் பக்கப் புருவம் ஏறாவிட்டால் முக நரம்பின் கிளை. மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் தணிந்த மறுநாளும் இப்படியே இருந்தால் உடனே சொல்லுங்கள். அறுந்த நரம்பைச் சீக்கிரம் சேர்த்துத் தைத்தால் பலன் அதிகம். “போகப் போகச் சரியாகும்” என்று ஆறு மாதம் விட்டபின் வந்தால் வாய்ப்பு சுருங்கிவிடும்.

தழும்பு

தழும்பு ஓராண்டுக்கு மேலும் மாறிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் தடித்து, கறுத்து, அரித்து, பிறகு மெல்ல அடங்கும். கீறல் கோட்டுக்குள்ளேயே தடித்து நிற்பது பெரும்பாலும் தானே தணியும். கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள் நண்டுக்கால் போலப் பரவினால் அது கெலாய்டு. நடுமார்பு, தோள், காதுமடல் ஆகிய இடங்களிலும், கறுப்புத் தோலிலும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் வாய்ப்பு அதிகம். அதை வெறுமனே வெட்டி எடுத்தால் பாதிக்குமேல் திரும்ப வருகிறது, முன்பைவிடப் பெரிதாகவும் வரலாம். சில வார இடைவெளியில் போடும் டிரையம்சினலோன் ஊசிதான் முதல் சிகிச்சை. புண் முழுதும் மூடியபின் சிலிகான் தாளைத் தினம் 12 மணி நேரமாவது ஒட்டி இரண்டு மூன்று மாதம் தொடர்வது தடிப்பதைக் குறைக்கும். முன்பே கெலாய்டு வந்தவர்கள் கட்டியை எடுக்கும் முன்னரே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தில் எடுக்கவே வேண்டாம் என்றும் அவர் முடிவு செய்யலாம். வெயில் படும் இடம் என்றால் ஆறு மாதம் துணியாலோ சன்ஸ்கிரீனாலோ மறைத்துவைத்தால் கறுப்பு குறையும்.

அறிக்கை

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் அறிக்கை வரும். புண் ஆறிவிட்டால் அதை வாங்கப் பலர் போவதே இல்லை. தையல் பிரிக்கப் போகும் அன்றே கேட்டு வாங்கி, மருத்துவரைப் படிக்கச் சொல்லி, கோப்பில் வையுங்கள். “அனுப்பவில்லை” என்றால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டது, வேகமாக வளர்ந்தது, தசைக்குள் ஆழமாக இருந்தது, ஏற்கெனவே ஒருமுறை எடுத்தும் திரும்பி வந்தது என்றால் கட்டாயம் கேளுங்கள். பைக்கட்டி என்றால் அதன் உறை முழுதாக வந்ததா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உறையில் ஒரு துணுக்கு தங்கியிருந்தாலும் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ அதே இடத்தில் கட்டி மறுபடி எழும்பும். அப்போது வேறொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால், அவர் எங்கே எவ்வளவு ஆழம் கீற வேண்டும் என்பதை அந்தக் குறிப்பை வைத்துத்தான் தீர்மானிப்பார்.